பூஜ்ஜியத்துக்குத் திரும்புதல்

காட்பாடியில் டயர் ரீட்ரேடிங் கடையின் மாடி,
மே மாதத்துச் சனிக்கிழமை.
மூன்று கிதார், ஒரு ஆம்ப், ஒரு ட்யூனர்,
ஸ்கேன் சீட்டின் பின்பக்கத்தில் நான் போட்ட கட்டம்.
எக்ஸ்ரே அறையில் சம்பளம் வாங்குகிறவள்.
எதையும் இரண்டு கோணத்தில் எடுத்துப் பார்த்தால்தான்
எனக்கு நம்பிக்கை வரும்.

முதலில் லோகபிரகாஷின் வான்நீலம்.
ஆறு திருகில் ஆடும் பாலம், ஒற்றைச் சுருள் பிக்கப்.
தொட்டதும் பாலாற்று மணலில்
கையால் தோண்டிய ஊற்றுப் போல
கசிந்து, தெளிந்து வந்தது ஓசை.
ட்யூப்லைட்டைப் போட்டால் மட்டும்
கூடவே ஒரு முணுமுணுப்பு.
கைப்பிடியை இருபது தடவை அமுக்கினேன்.
ஜி கம்பி ஏழு சென்ட் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு
நான் எங்கே போனேன், இங்கேதானே இருக்கேன் என்றது.
பென்சில் கரியைச் சீவி நட்டின் பள்ளத்தில் தேய்த்தோம்.
மூன்றுக்கு இறங்கியது.
மூன்று சென்ட் என் காதுக்கு எட்டாது.
ட்யூனருக்கு எட்டும்.
பேஸ் வாசிக்கிற முபாரக்குக்கும் எட்டும்;
அவன் சொல்ல மாட்டான், ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பான்.

அடுத்தது சிவப்பு. இரண்டு முனையில் நிற்கும் பாலம்.
இருபது அமுக்கலுக்கும் ஒரு சென்ட், அரை சென்ட்.
நல்ல பிள்ளை.
அதைப் பற்றிச் சொல்ல ஏனோ வேறொன்றும் இல்லை.

பிறகு கறுப்பு. பெங்களூரிலிருந்து
ரயிலில் மடியிலேயே வந்த செகண்ட் ஹேண்ட்.
நட்டில் பூட்டு, பாலத்தில் பூட்டு, இரட்டைச் சுருள்.
அமுக்கினால் கம்பிகள்
தறியில் அறுந்த நூலாகத் தொளதொளத்துக் கிடக்கும்.
விட்டால்
பூஜ்ஜியம்.
பூஜ்ஜியம். பூஜ்ஜியம்.
ஆறிலும் பூஜ்ஜியம்.
ஜங்ஷனில் ஒரு சரக்கு ரயில் ஹாரன் அடித்தது.
அந்தச் சுருதியைப் பிடித்து, கைப்பிடியாலேயே
பாதாளம் வரை இறங்கி, திரும்பி,
அது ஓய்வதற்குள் அதன் பக்கத்தில் வந்து நின்றேன்.
கோதண்டபாணி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.
தடித்த கம்பி மட்டும் கொஞ்சம் ஒல்லி,
பருப்புக் குறைந்த ஹோட்டல் சாம்பார் மாதிரி.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது.
திரும்ப வந்ததும் பார்த்தால்
மூன்றும் நாலு நாலு சென்ட் கீழே.
அக்னி நட்சத்திரத்துக்குப்
பூட்டியதும் ஒன்றுதான், பூட்டாததும் ஒன்றுதான்.

ஆனாலும் கறுப்பைத்தான் வாங்கினேன்.
முப்பத்தெட்டாயிரம், இரண்டு தவணை.

குடியாத்தத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன்.
இரண்டாவது பாட்டில் மெல்லிய கம்பி அறுந்தது.
அவ்வளவுதான்.
உள்ளே ஸ்பிரிங்குகள் பாலத்தைப் பின்னால் இழுக்க
மிச்ச ஐந்தும் ஆளுக்கொரு சுருதிக்கு ஓடின.
மாப்பிள்ளையின் சித்தப்பா
அதுதான் ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டினார்.
ஒன்று போனால் ஐந்தும் போகும் என்பதற்கு
என் கட்டத்தில் பத்தி இல்லை.

அடுத்த ஞாயிறு முபாரக்
சட்டைப்பையில் எதையோ போட்டுக்கொண்டு வந்தான்.
ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை அவனுக்கு.
கிதாரைக் குப்புறப் போட்டு முதுகைத் திறந்து,
பாலத்தின் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவே
ஸ்பிரிங் பக்கத்து இடுக்கில்
ஒரு தோல் துண்டைச் சீவிச் சீவிச் சொருகினான்.
இனி கீழே போகலாம், திரும்பலாம்;
மேலே தூக்க முடியாது.
கட்டிங் பிளேயரை எடுத்து
வேண்டுமென்றே ஒரு கம்பியை அறுத்தேன்.
ஐந்தும் நின்றன.

தடித்த கம்பிக்குக் கொஞ்சம் சதை பிடித்த மாதிரி இருந்தது.
தோலால் வந்ததா, என் ஆசையால் வந்ததா?
கட்டத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டு
காலியாக விட்டேன்.

'இது என்ன தோல்டா?'

'குதிகால். ஏழாம் நம்பர், வலது. ஏற்றுமதியில் கழித்தது'
என்றான், மூடியைத் திருகிக்கொண்டே.
இடது தேறிவிட்டதாம்.
வேறொரு வலதோடு ஜோடி சேர்ந்து
போன வாரமே கப்பல் ஏறிவிட்டதாம்.